ஏர்போர்ட் மலைச்சாமி

மதுரை கோச்சடையில், எங்கள் தெருவில் மூன்று மலைச்சாமிகள் இருக்கிறார்கள். ஒருவர் பால் ஊற்றுகிறார். ஒருவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று, அடுத்தவர் வீட்டு ஒயரிங்கைக் குறை சொல்லிப் பொழுதைப் போக்குகிறார். மூன்றாமவர்தான் ஏர்போர்ட் மலைச்சாமி. பெயரைக் கேட்டு, விமான நிலையத்தில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்கள்கூட உண்டு. உத்தியோகமும் கிடையாது, விமானத்தில் ஏறியதும் கிடையாது. வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலரைத் தாண்டி எந்த ஏர்போர்ட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. அவரிடம் இருப்பது ஒரு வேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போவதென்றால், போகிறவர் ஒருவர்தான், வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு வேன் நிறைய. அத்தை, சித்தி, சித்தியின் சம்பந்தி, பக்கத்து வீடு, எதிர்த்த வீடு எல்லாம் ஏறும். போகிறவனுக்கு ஜன்னலோர சீட்டு. மற்றவர்கள் ஒருவர் மடியில் ஒருவர். புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சோறு ஒரு தூக்கு, நடுவில் கயிறு கட்டிய பெட்டி. இந்தக் கூட்டத்தை ஏர்போர்ட்டில் இறக்கி, அழ வைத்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவதுதான் மலைச்சாமியின் தொழில். டி. கல்லுப்பட்டிப் பக்கம் நிலமில்லாத கூலி வீட்டில் பிறந்து, லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக வேன் வாங்கியவர். வேன் வாங்கிய அன்றைக்கே அதன் முன்கண்ணாடியில் விமானப் படம் ஒட்டினார். அந்த விமானத்துக்கு வால் பக்கம் உரிந்து போய் வருடக்கணக்காகிறது. பறந்துகொண்டேதான் இருக்கிறது.

நான் இன்பசேகரன். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் வீட்டுக்குத் தெற்கே அடுத்த வீடு என்னுடையது. இந்தத் தெற்கு பின்னால் தேவைப்படும், அதனால் சொல்லி வைக்கிறேன். எனக்கும் என் மனைவி ஆனிமேரிக்கும் அந்த வேனில் நிரந்தர இடம் உண்டு. யார் போனாலும் நாங்களும் போவோம். சிங்கப்பூர் போகிற பையன் யாரென்றே தெரியாமல் திருச்சி வரை போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் ஆனிமேரி.

காளவாசலில் மருதுவின் டீக்கடைதான் மலைச்சாமியின் மேடை. அங்கே நின்றபடி நாட்டில் உள்ள ஏர்போர்ட்டை எல்லாம் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

"செட்டிநாட்டுக்காரக, புதுக்கோட்டைக்காரக, தஞ்சாவூர்க்காரக அம்புட்டுப் பேருக்கும் திருச்சிதான் வாசல். நாகர்கோயில்காரனுக்குத் திருவனந்தபுரம். அவன் ஓட்டு இங்கிட்டு, பிளேன் அங்கிட்டு. பொள்ளாச்சி, உடுமலைக்காரனுக்குக் கோயமுத்தூரு. தூத்துக்குடியில ஏர்போர்ட் இருக்கு, காத்தும் இருக்கு, பிளேனுதான் கொஞ்சம். அமெரிக்கா போறவன் மெட்ராசுக்குப் போயிருவான், அவனை விடுங்க. தேனிக்காரன், சிவகாசிக்காரன், ராம்நாட்டுக்காரன், இம்புட்டுப் பேருக்கும் நடுவுல மதுரை உக்காந்திருக்கு. இங்கன எத்தனை பிளேனு வருது? கைவிரலை விட்டு எண்ணிப்புடலாம். மதுரைக்காரன் பெட்டியத் தூக்கிக்கிட்டு திருச்சிக்குப் போயி ஏறணுமாண்ணே? மானக்கேடு."

இதைச் சொல்லும்போது மலைச்சாமிக்குக் கண் சிவந்துவிடும். வெளிநாட்டு விமானங்கள் மதுரைக்கு வர வேண்டும் என்று யார் உண்ணாவிரதம் இருந்தாலும் வேனைக் கொண்டுபோய் நிழலுக்கு நிறுத்திக் கொடுப்பார். ஒருநாள் மருது டீயை ஆற்றியபடி கேட்டார்.

"ஏன் மாப்ள, எல்லாப் பிளேனும் மதுரைக்கே வந்துட்டா உன் பொழப்பு என்னாகும்? திருச்சி டிரிப்புல சாப்புடுற ஆளு, அவனியாபுரம் வரைக்கும் ஓட்டி என்னத்தத் திங்கப் போற?"

மலைச்சாமி டீயை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "அது வேற, இது வேற" என்றார். அவ்வளவுதான் பதில். நானும் பல பேரிடம் பல கொள்கைகளைக் கேட்டிருக்கிறேன், தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்ளும் கொள்கையை இத்தனை சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் திருச்சி ஏர்போர்ட்டில் ஒரே ஒரு வசதி இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொள்வார். அது அழுகை சம்பந்தப்பட்டது.

"திருச்சியில ஏத்திவிட்டுத் திரும்பினோம்னா, விராலிமலை வரைக்கும் யாரும் பேச மாட்டாக. அழுவாக. நான் பாட்டுப் போட மாட்டேன். துவரங்குறிச்சி வர்றப்ப யாராச்சும் ஒருத்தர் 'பசிக்குது, எங்கயாச்சும் நிப்பாட்டுங்க'ன்னு சொல்லுவாக. அம்புட்டுத்தான், அழுகை முடிஞ்சிருச்சு. நிப்பாட்டி டீ வாங்கிக் குடுப்பேன். மேலூர்ல பரோட்டா. வீட்டு வாசல்ல சிரிச்சுக்கிட்டே எறங்குவாக. மதுரை ஏர்போர்ட்டுல அந்தச் சோலி ஆகாது. மூக்கச் சிந்தி முடிக்கிறதுக்குள்ள வீடு வந்துரும். அழுத மொகத்தோட போயி பூட்டைத் தெறக்கணும்."

இதை நான் அப்போது ஒரு டிரைவரின் அளப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய இன்னொரு பிடிவாதம் சூலம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அதனால் திருச்சி ஆகாது. வியாழக்கிழமை தெற்கே சூலம், அதனால் ஊருக்குத் தெற்கே இருக்கிற மதுரை ஏர்போர்ட் ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே, அன்றைக்குத் திருவனந்தபுரம் போவதென்றால் யோசித்துத்தான் போக வேண்டும். டிக்கெட் போடுமுன் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுகிற குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. விமானக் கம்பெனிகள் விலையை ஏற்றி இறக்கித் தலைகீழாக நிற்கும்போது, இவர் காலண்டர் தாளைக் கிழித்துப் பார்த்து "சனிக்கிழமை போகட்டும்" என்பார். சனிக்கிழமை டிக்கெட் ஒன்றரை மடங்கு இருக்கும். போவார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "நீங்க வேதக்காரக, ஒங்களுக்குத் தெசை கெடையாது" என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், முத்துமீனா. நர்சிங் படித்தாள், மதுரையிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், பரீட்சை எழுதினாள், சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

மலைச்சாமி ஒற்றைக் காலில் நின்றார். "என் மக மதுரையில இருந்துதான் பிளேன் ஏறணும்."

"திருச்சியில இருந்து தெனம் போகுதுப்பா. டிக்கெட்டும் கம்மி" என்றாள் மீனா.

"ஊரு மக்கள எல்லாம் திருச்சிக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். அது பொழப்பு. எம் பிள்ளையையும் அங்கன கொண்டுபோயி ஏத்துனேன்னா, நாளைக்கு மருது கடையில நின்னு எந்த வாயால பேசுவேன்?"

அவர் மனைவி ராக்கம்மாள் அடுப்படியிலிருந்து, "அப்ப ஒங்க வாய்க்காகத்தேன் எம் மக பிளேன் ஏறுறாளா" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் மதுரையிலேயே டிக்கெட் போடப்பட்டது. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த வாரத்தில் இருந்த ஒரே விமானம் வியாழக்கிழமை.

வியாழக்கிழமை தெற்கே சூலம்.

டிக்கெட் போட்ட பிறகுதான் இது அவருக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொன்ன மனிதர், சொந்த மகளுக்கு மானத்தைப் பார்த்தாரே தவிர நாளைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. மற்ற கிழமைகளுக்குத் தயிர், பால், வெல்லம் என்று வாய்க்கு நல்லதாக இருக்கிறது. வியாழக்கிழமைக்கு மட்டும் தைலம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"எண்ணெய் வழியிற தலையோட நான் சிங்கப்பூருக்குப் போக மாட்டேன்" என்று மீனா முடிவாகச் சொல்லிவிட்டாள். பேஷண்டுகள் நிறையப் பேரைச் சமாளித்த குரல் அது.

அப்போதுதான் மலைச்சாமிக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், தங்கள் பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் எடுத்துக்கொண்டு போய், போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நாளிலும் அந்தப் பொருளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்று, வைத்ததைத் திரும்பச் சொந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

தெற்கே இருக்கிற வீடு என்னுடையது.

புதன்கிழமை காலையில் மலைச்சாமி குளித்து, திருநீறு பூசி, ஒரு மஞ்சப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பத்தடி தூரம். ஆனால் முகத்தில் சிங்கப்பூருக்கே போகிற கம்பீரம். எங்கள் வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை இருக்கிறது. அதில் பையை வைத்தார்.

"பைக்குள்ள என்னப்பா?" என்றேன்.

"வெத்தல பாக்கு, ஒரு தேங்கா, மஞ்சக் கெழங்கு. அப்பறம் மீனாவோட பாஸ்போர்ட்."

"பாஸ்போர்ட்டா? ஒரு துணிமணிய வச்சாப் பத்தாதா?"

"எது பயணம் போகுதோ அதைத்தாண்ணே வைக்கணும். நல்லா யோசிச்சுப் பாத்தேன். ஏர்போர்ட்டுல சேலையக் காட்டுன்னா கேக்குறான்? பாஸ்போர்ட்டத்தான கேக்குறான்?"

தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அன்று முழுக்கத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "மீனா நாளைக்கித்தான் போகுது. பாஸ்போர்ட் இன்னைக்கே கெளம்பிருச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மருது கடையில் இந்த வசனம் மூன்று டீக்கு ஓடியது.

வியாழக்கிழமை வேன் அய்யனார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றது. தெரு மொத்தமும் ஏறியது. கடையை அடைத்துவிட்டு வந்த மருது பின்சீட்டில் ஓர் இடம் பிடித்து, ஏறியவுடன் தூங்கிப்போனார். ஆனிமேரி காலையிலேயே இட்லியும் சட்னியும் செய்து எடுத்துக்கொண்டு ராக்கம்மாளுக்கு ஒத்தாசையாகப் போய்விட்டாள். நான் வீட்டைப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறினேன். திட்டப்படி வேன் என் வீட்டு வாசலில் நின்று பையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் வீட்டு ஆட்கள் எல்லோரும் வேனுக்குள்ளேயே இருந்தோம். ஆள் இல்லாத வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி எடுக்குமுன் மலைச்சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பி, போகிறவரைப் பார்த்து, "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு, போனு" என்று கேட்பார். மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கியர் போடுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் கேட்காமல் இருந்ததில்லை. அன்றும் கேட்டார்.

"பாஸ்போர்ட்டு?"

மீனா வாயைத் திறக்குமுன் அவரே, "அதுதான் நேத்தே கெளம்பிருச்சே" என்றார். வேன் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கியர் விழுந்தது, வண்டி காளவாசலைத் தாண்டிவிட்டது.

ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கி, ஒவ்வொருவராக மீனாவுக்குத் திருநீறு பூசி, ஆனிமேரி தன் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டு, ராக்கம்மாள் அழுகையைத் தொடங்கும் சமயம். "மொதல்ல உள்ள போயி பெட்டியப் போட்டுட்டு, வாசல்ல வந்து கண்ணாடி வழியா கைய ஆட்டு தாயி. அப்பறம் அழுவோம்" என்று ஒழுங்குபடுத்தினார் மலைச்சாமி. வழியனுப்புதலை அவர் ஒரு கல்யாணம் மாதிரி நடத்துவார். எப்போது கட்டிப்பிடிக்க வேண்டும், எப்போது அழ வேண்டும், எல்லாவற்றுக்கும் முறை உண்டு.

மீனா வாசலுக்குப் போனாள். காவலர் கையை நீட்டினார். மீனா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் இருந்த ரத்தம் மட்டும் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"அண்ணே" என்றார் என்னிடம். "நேத்துக் கெளம்புனது, ஒங்க வீட்டோட நிக்கிது."

நான் ஆனிமேரியைப் பார்த்தேன். ஆனிமேரி கைப்பையைத் திறந்து, ஜெபமாலைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தாள். வீட்டில் இருக்கிற யாருக்காவது போன் போடலாம் என்றால், தெருவில் இருக்கிற எல்லோரும் இங்கேதான் நின்றார்கள். வழியனுப்ப வந்த அத்தனை பேரும் மீனாவைச் சுற்றி நின்று ஒரே குரலில் யோசனை சொன்னார்கள். கவுண்டர் மூட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று காவலர் சொன்னது ஒன்றுதான் உருப்படியான பேச்சு. ராக்கம்மாள் அழவில்லை. அழுகையெல்லாம் கோபமாக மாறி, "வாய், வாய், அந்த வாயாலதேன் வந்துச்சு" என்றாள்.

மீனாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் அத்தனை ராத்திரி கண்விழித்துப் படித்தவள். பரீட்சையில் தேறினாள், இன்டர்வியூவில் தேறினாள், கடைசியில் ஒரு மஞ்சப் பையில் தோற்கப் பார்த்தாள்.

நானும் மலைச்சாமியும் வேனில் பாய்ந்தோம்.

அவர் ஓட்டிய வேகத்துக்கு நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பழங்காநத்தத்துக்குள் ஒரு ஜெபமாலை அளவுக்குச் சொல்லிவிட்டேன். காளவாசல் சிக்னலில் சிவப்பு விளக்கு. முன்னால் ஒரு மினி பஸ், அதற்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய வண்டி. அங்கேதான் வாயைத் திறந்தார்.

"இதுவே திருச்சியா இருந்திருந்தா என்னாண்ணே ஆகியிருக்கும்?"

"ஒன் மக அடுத்த வாரம் வேற வேலை தேடிக்கிட்டு இருந்திருப்பா" என்றேன் எரிச்சலோடு.

"இதுக்குத்தாண்ணே நான் படிச்சுப் படிச்சு சொல்றேன், மதுரைக்கே பிளேனு வரணும்னு."

சிரிப்பதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறார்கள். ஏற்றுமதி வளரும் என்றார்கள், மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க ஜனம் வரும் என்றார்கள். மறந்து வைத்த பாஸ்போர்ட்டை எடுத்து வர வசதியாக இருக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை.

கோச்சடையில் என் வீட்டு வாசலில் வேன் குலுங்கி நின்றதும், பின்சீட்டிலிருந்து ஒரு தலை எழுந்தது. மருது. இத்தனை கலவரத்திலும் மனிதர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு, "அம்புட்டுத்தானா? பாப்பா போயிருச்சா? மதுரை ஏர்போர்ட்டு நல்ல வசதியாத்தான் இருக்கு மாப்ள" என்று சொல்லி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

பூட்டைத் திறந்தேன். திரு இருதயப் படத்துக்குக் கீழே பை இருந்தது. மலைச்சாமி கையை விட்டுத் துழாவினார். வெற்றிலை வந்தது, மஞ்சள் வந்தது, பாஸ்போர்ட் வந்தது. தேங்காய் மட்டும் இல்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலையில் இட்லிக்கு வைத்த தேங்காய்ச் சட்னி. மலைச்சாமியே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது.

நான் மென்று முழுங்கிச் சொன்னேன். மனிதர் பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போகட்டும்ணே. பாஸ்போர்ட்ட அரைக்காம விட்டாகளே, அம்புட்டுப் போதும்" என்றார்.

சரி, ஓடுவோம் என்று நான் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"ஒரு வாய் தண்ணி குடுங்கண்ணே. கெளம்பிட்டுத் திரும்பி வந்தா, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

"ஏம்ப்பா, பிளேன் போயிரும்."

"அதுக்குத்தாண்ணே சொல்றேன். வெரசாக் குடுங்க."

என் ஆயுளில் யாருக்கும் அவ்வளவு கோபமாகத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. பாதி அவர் சட்டையில் கொட்டியது. வாசலில் நின்ற மருது, "எனக்கும் ஒரு சொம்பு" என்றார். அவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பிப் போகும்போது வழி எப்படிக் கிடைத்தது என்று எனக்கு நினைவில்லை. ஹாரனில் வைத்த கையை மலைச்சாமி எடுக்கவில்லை. வாழைத்தார் வண்டியை இன்னொரு தடவை கடந்தோம். ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட மட்டும்தான் அனுமதி, வண்டியை நிறுத்தக் கூடாது. பின்னால் ஒரு டாக்சி, அதற்குப் பின்னால் இன்னொன்று, காவலரின் விசில். மீனா ஓடி வந்தாள். மலைச்சாமி ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"ஓடு தாயி, ஓடு."

"வாரேம்ப்பா. பாத்து ஓட்டுங்க" என்றாள். வாங்கினாள். பெட்டியோடு ஓடினாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. கவுண்டரை அடைத்துவிட்டார்களா என்று தெரியாமல் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டியைப் போட்டுவிட்டு அவள் உள்ளே திரும்பும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கூட்டம் ஒரே மூச்சாக மூச்சு விட்டது. ராக்கம்மாள் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினாள்.

மலைச்சாமி அந்தக் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. விசிலுக்குப் பயந்து வேனைப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோயிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் மீனா பரிசோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டிப்பிடிக்க நேரம் ஒதுக்கிக் கொடுத்தவர், கண்ணாடிக்கு வெளியே நின்று யார் யாரோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாளாண்ணே?"

"போயிட்டா. கவுண்டர் தெறந்துதான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டேதான் போனா."

"ஜெயிச்சிட்டோம்ல" என்றார். குரல் மட்டும் ஜெயித்த குரலாக இல்லை.

பார்க்கிங்கில் நின்று விமானத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு விமானம் சத்தத்தோடு வந்தது, எல்லோரும் கையை ஆட்டினோம். அது இறங்குகிற விமானம். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் தெரு சார்பில் நல்ல வரவேற்பு. பிறகு மீனாவின் விமானம் எழும்பி, வெயிலில் சின்னதாகி, கப்பலூர்ப் பக்கம் வானத்தில் கரைந்தது. மலைச்சாமி கையை ஆட்டவில்லை. சாவிக்கொத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

வேன் கிளம்பியது. பாட்டுப் போடவில்லை. ராக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள், ஆனிமேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். ரிங் ரோட்டில் ஏறியதும், அவனியாபுரம் வழியாக ஊருக்குள் திரும்பாமல், மலைச்சாமி கப்பலூர்ப் பக்கம் ஓட்டினார். கூட்டம் குறைவான வழி என்று நினைத்தேன். கப்பலூரில் கோச்சடைக்குத் திரும்புகிற இடமும் வந்தது. அங்கேயும் திரும்பவில்லை. நேரே டோல்கேட்டுக்குப் போனார். டோல்கேட் என்றாலே ஊரைச் சுற்றிப் போகிற மனிதர், தானே பணத்தை எடுத்து நீட்டினார்.

"எங்க மாப்ள போறோம்?" என்றார் பின்சீட்டிலிருந்து மருது.

மலைச்சாமி ரோட்டையே பார்த்து ஓட்டினார். எனக்குப் புரிந்தது. நான் திரும்பி மருதுவைப் பார்த்து, சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

திருமங்கலம் போனது. ராஜபாளையம் ரோட்டில் இரண்டு பக்கமும் பருத்திக் காடு, வெயில், ஆட்டு மந்தை. பின்னால் அழுகை மெதுவாக விசும்பலாயிற்று, விசும்பல் மூக்கு உறிஞ்சலாயிற்று. யாரோ புளியோதரைத் தூக்கைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. மீனா எப்போது போய் இறங்குவாள், அங்கே இப்போது மணி என்ன என்று பேச்சு கிளம்பியது. தேங்காய்ச் சட்னிக் கதையை ஆனிமேரி சொன்னாள் போலிருக்கிறது, இரண்டு பேர் சிரித்தார்கள். ராக்கம்மாளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

டி. கல்லுப்பட்டி நெருங்கும்போது ராக்கம்மாள்தான் சொன்னாள்.

"ஏங்க, பசிக்குது. எங்கயாச்சும் நிப்பாட்டுங்க."

அவருடைய கணக்குப்படி அழுகை முடிந்துவிட்டது. இனி டீ, பிறகு பரோட்டா, பிறகு வீடு. ரோட்டோரத்தில் ஒரு கடையும் வந்தது, கொதிக்கிற பாலின் வாசனையும் வந்தது. மலைச்சாமி கடையைப் பார்த்தார், பிரேக்கில் கால் வைத்தார், எடுத்துவிட்டார். கண்ணைத் துடைக்க ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்ததில் வண்டி லேசாக ஆடியது.

"இரு புள்ள. இன்னும் கொஞ்ச தூரம் போயிக்கிறேன்" என்றார்.

வேனில் எல்லோருக்கும் துவரங்குறிச்சி வந்துவிட்டிருந்தது. அவருக்கு மட்டும் இன்னும் வரவில்லை.